துப்பாக்கி வரக்கூடாது என்று 1798-ல் எழுதி வாங்கிய ஊர்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் குறைந்துவிடும். காஞ்சிபுரத்தின் மேற்கே, கைலாசநாதர் கோயில் பக்கம் இருக்கிற நெசவாளர் பகுதி இது. மற்ற மாதங்களில் எந்தத் தெருவில் திரும்பினாலும் வீட்டுக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று கேட்கும். மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். கூலியும் நிற்கும்.

அதே மழைதான் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரின் ஏரியை நிரப்புகிறது. அங்கே அப்போதுதான் வேலை தொடங்கும். ஆயிரக்கணக்கான பறவைகள் குச்சி பொறுக்கிக் கூடு கட்ட ஆரம்பிக்கும். அந்த ஊர் வேடந்தாங்கல்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் பலருக்கு வேடந்தாங்கல் என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலா ஞாபகம்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் கோர்வைச் சேலை நெய்தவர். "ஆறாவது படிக்கும்போது கூட்டிட்டுப் போனாங்க பாப்பா. அதோட சரி" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னப்பட்சிய நான் கண்ணால பார்த்ததே இல்ல. ஆனா பார்டர்ல எத்தன ஆயிரம் நெஞ்சிருப்பேன்னு கணக்கே கிடையாது."

யோசித்துப் பார்த்தால் காஞ்சிப் பட்டில் பறவைக்குக் குறைச்சலே இல்லை. மயில், கிளி, அன்னம், இருதலைப் பட்சி எல்லாம் உண்டு. மயில்கண், குயில்கண் என்று புட்டாவுக்கே பெயர் இருக்கிறது. மயில் கழுத்து என்பது ஒரு கலர். இத்தனை பறவைகளைச் சேலையில் வைத்திருக்கும் ஊரிலிருந்து, நிஜப் பறவைகளைப் பார்க்கக் கிளம்பினேன்.

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாகப் பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் போக வேண்டும். வழியெல்லாம் வயலும் ஏரிக்கரையுமாக இருக்கும். உத்திரமேரூரை எல்லோரும் குடவோலைக் கல்வெட்டுக்காகத்தான் சொல்வார்கள். பராந்தகச் சோழன் காலத்தில், 919 மற்றும் 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள். அதில் தேர்தல் முறையை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்த வாரியங்களில் ஒன்றின் பெயர் ஏரி வாரியம். ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு குழு! இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஏரி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் வேடந்தாங்கலின் கதை புரியும்.

ஏரிதான், காடு இல்லை

முதல்முறை வருபவர்கள் சரணாலயம் என்றதும் காடு இருக்கும் என்று தேடுவார்கள். வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். நம்மூர்ப் பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் குட்டைதான். ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. அந்த மரங்கள்தான் பறவைகளின் வீடு.

தண்ணீருக்கு நடுவில் மரம் நிற்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனை, கீரி, நாய் எதுவும் கூட்டை நெருங்க முடியாது. கோட்டைக்கு அகழி மாதிரி. மழை பொய்த்து ஏரி வற்றினால் அகழி போச்சு. அந்த வருஷம் பறவைகள் வராது. வந்தாலும் கூடு கட்டாது. அதனால் வேடந்தாங்கலுக்குக் கிளம்புவதற்கு முன் காலண்டரைப் பார்ப்பதைவிட, மழை எப்படிப் பெய்தது என்று விசாரிப்பது நல்லது.

கரை மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நடந்துகொண்டே பார்க்கலாம். பார்வைக் கோபுரமும் இருக்கிறது. மாலை நாலு மணிக்கு மேல் ஏரி களைகட்டும். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கூழைக்கடாக்கள் சிறகை அசைக்காமலே வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பு, கொஞ்சமும் பதற்றமில்லாமல் தண்ணீரைக் கீறிக்கொண்டு உட்காரும். நத்தைகுத்தி நாரைக்கு அலகு மூடாது. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுப்பதற்குத் தோதான அமைப்பு அது. சங்குவளை நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. யார் எந்தக் கிளை என்பதில் சண்டையும் உண்டு. சத்தம் காதைப் பிளக்கும். வாசனையும் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று வருஷா வருஷம் செய்தி போடுகிறோம். குழந்தைகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பெரிய பறவைகள் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. கூழைக்கடாவும் நாரையும் அரிவாள் மூக்கனும் இங்கேயே பிறந்து, தண்ணீர் இருக்கும் இடம் தேடி ஏரிக்கு ஏரி மாறுபவை. குளிர்காலத்தில் வடக்கே வெகு தூரத்திலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, கிளுவை மாதிரியான வாத்து வகைகளும், கரையோரம் மேயும் உள்ளான்களும். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. சாப்பிட்டு, குளிர் தாண்டியதும் ஊர் திரும்பிவிடும். விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையை வீட்டுக்காரனுக்கும் கொடுக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயரில் வேடன்

வேடந்தாங்கல் என்றால் வேடர்கள் தங்கிய இடம். ஒரு காலத்தில் சுற்றுவட்டார நிலக்கிழார்கள் வேட்டைக்கு வந்த ஊர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே இந்தியாவின் மிகப் பழைய பறவைச் சரணாலயங்களில் ஒன்றாக இந்த ஊர் மாறியதுதான் வேடிக்கை.

1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டிருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. நேராகக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் யார் தெரியுமா? லியோனல் பிளேஸ். பக்கத்தில் மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில் வருவாரே, அதே பிளேஸ் துரைதான்! மழையில் மதுராந்தகம் ஏரி உடையப் போகிறது என்று பயந்து கரைக்கு வந்தபோது, வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கண்டார் என்று தலபுராணமாகவே சொல்லப்படும் ஆள். கிழக்கிந்தியக் கம்பெனியின் செங்கல்பட்டு ஜாகீர் முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. காஞ்சிபுரமும் அதில் அடக்கம்.

பிளேஸ் 1798-ல் வேடந்தாங்கல் மக்களுக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்றால் அந்தக் கால உறுதிப் பத்திரம். இந்த ஏரிப் பறவைகளைக் காப்பாற்றும் உரிமை ஊராருக்கு உண்டு, யாரும் வந்து சுடக்கூடாது என்பதுதான் விஷயம். 1858-ல் செங்கல்பட்டு கலெக்டரின் உத்தரவு அதை மறுபடி உறுதி செய்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு 174 வருஷத்துக்கு முன்பே ஒரு கிராமம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டது!

ஊராருக்குப் பறவைகள் மேல் பாசம் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. அவர்களுக்குக் கணக்கும் தெரிந்திருந்தது. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைய. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும்போது உரத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறது. பறவை போனால் விளைச்சல் போகும். இன்றைக்கும் கரையோரம் விசாரித்தால் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். "எங்க தண்ணியிலயே உரம் இருக்குதும்மா" என்றார் நாற்று வயலில் நின்றிருந்த ஒரு அம்மா. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பதும் இந்த உறவில் வந்த பழக்கம்தான். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியிலும் இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே வேட்டங்குடிப் பறவைச் சரணாலயம் இருக்கிறது.

இதோடு ராஜஸ்தானின் பரத்பூரை வைத்துப் பாருங்கள். இன்று உலகப் புகழ் பெற்ற பறவைப் பூங்கா. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்தை வளர்த்ததே மகாராஜாக்கள் வாத்து வேட்டை ஆடத்தான். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ விருந்தாளியாக வந்தபோது ஒரே நாளில் சுட்ட பறவைகள் 4,273. யார் வந்தார்கள், எத்தனை சுட்டார்கள் என்று கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம். அங்கே ராஜா வேட்டைக்காகப் பறவைகளைக் காப்பாற்றினார். இங்கே ஊர் ஜனங்கள் வயலுக்காகக் காப்பாற்றினார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் பெரிதாகத் தெரிகிறது. பாடப் புத்தகத்தில் எது வருகிறது என்பது வேறு கதை.

74 ஏக்கரில் சோறு கிடைக்காது

கரையில் நிற்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை ஆயிரம் வாய்க்கு இந்தச் சின்ன ஏரியில் மீன் எப்படிப் பற்றும்?

பற்றாது. பறவைகள் வேடந்தாங்கலில் தூங்குகின்றன, குஞ்சு வளர்க்கின்றன. சாப்பாடு எல்லாம் வெளியில்தான். விடிந்ததும் கிளம்பிச் சுற்றியுள்ள ஏரி, குளம், வயல் எல்லாம் போய்வருகின்றன. சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் கரிக்கிலிச் சரணாலயம் இருக்கிறது, மதுராந்தகம் ஏரி இருக்கிறது, இவை தவிர ஊருக்கு ஒரு ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். வேடந்தாங்கல் படுக்கையறை என்றால் சமையலறை அந்த மாவட்டம் முழுக்கப் பரந்து கிடக்கிறது.

1998-ல் அரசு அறிவித்த சரணாலய எல்லை, ஏரியோடு சுற்றி 5 கிலோமீட்டரையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். அந்த வட்டத்துக்குள் வயல், வீடு, தனியார் நிலம் எல்லாமே வருகின்றன. 2020-ல் அந்த 5 கிலோமீட்டரை 3 ஆகச் சுருக்கும் யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எல்லைக்குள் இருக்கும் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் விரிவாக்கமும் அப்போது சர்ச்சையானது. 'ஏரியைத் தொடவே இல்லையே, சுற்றியுள்ள நிலம்தானே' என்று அப்போது சிலர் கேட்டார்கள். வீட்டை இடிக்காமல் அடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்வது போலத்தான் அது.

2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான, ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தம் அது. பெருமைதான். ஆனால் பெயர்ப்பலகை இருக்கும் ஏரிக்கு அந்தப் பெருமை. பறவை இரை தேடும் நூறு ஏரிகளுக்குப் பலகையும் இல்லை, காவலும் இல்லை.

வேட்டையும் இப்போது அங்கேதான் நடக்கிறது. சரணாலயத்துக்குள் வந்து யாரும் சுடுவதில்லை. பெயர் தெரியாத ஏரியில் வலை, கண்ணி, ஏர்கன். சில இடங்களில் விஷம் வைத்த இரை. மடையான், கொக்கு, நீர்க்கோழி, வாத்து என்று பிடித்துச் சாலையோரத்தில் விற்பது தமிழ்நாட்டின் பல ஏரிப் பகுதிகளில் நடக்கிறது. சில சாப்பாட்டுக் கடைகளில் 'ஸ்பெஷல்' என்று காதோடு சொல்லி வைப்பார்கள். விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் சட்டப்படி குற்றவாளி. காட்டுப் பறவையின் இறைச்சியை வைத்திருப்பதற்கே சிறைத் தண்டனை உண்டு. 'நாட்டுக் கோழி மாதிரிதான், உடம்புக்கு நல்லது' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

வேட்டை என்றதும் உடனே நரிக்குறவர்களைக் கை காட்டுகிறோம். பறவை பிடிப்பது அவர்களின் குலத்தொழிலாக இருந்தது உண்மை. 1972 சட்டம் அதை ஒரே நாளில் குற்றமாக்கியது. மாற்றுத் தொழில் என்று ஊசிமணி, பாசிமணி தவிரப் பெரிதாக எதுவும் கையில் கிடைக்கவில்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கக் கேட்டு அவர்கள் காத்திருந்தது பல பத்தாண்டுகள். நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில், சட்டமானது 2023 ஜனவரியில். பைக்கில் ஏர்கன் கட்டிக்கொண்டு பொழுதுபோக்காகச் சுட வருபவரையும், வயிற்றுக்காகக் கண்ணி வைத்தவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகப் படவில்லை.

இன்னொரு வேட்டைக்குத் துப்பாக்கியே தேவையில்லை. பிள்ளையார்பாளையம் பக்கமே அதைப் பார்க்கலாம். கைலாசநாதர் கோயிலை ஒட்டி வரும் மஞ்சள்நீர் கால்வாய், ஊரின் நடுவே புகுந்து கடைசியில் நத்தப்பேட்டை ஏரியில் போய் விழுகிறது. மழைநீர் போவதற்கு வெட்டிய கால்வாய். இப்போது வீட்டுக் கழிவுநீரும் சாயக் கழிவும்தான் ஓடுகின்றன. நத்தப்பேட்டை ஏரியை எட்டிப் பார்த்தால் ஆகாயத்தாமரைக்கு நடுவே கொக்கும் மடையானும் மேய்ந்துகொண்டிருக்கின்றன. வேடந்தாங்கலில் கோபுரம் ஏறி, பைனாகுலர் வைத்துப் பார்க்கும் அதே இனங்களில் சில. இங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரியவரிடம் இதைக் கேட்டேன். "சாயம் போடுறவன் பொழப்பும் இருக்குது, தண்ணியும் இருக்குது. ரெண்டையும் பார்க்கணும்னா சுத்தம் பண்ணித்தான் விடணும். அந்தச் செலவு யாருதுன்னுதான் இத்தன வருஷமா பேச்சு" என்றார். பட்டறைக்காரரிடம் கேட்டால் நகராட்சி என்பார், நகராட்சி என்று நகரம் மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. கால்வாய் அப்படியேதான் இருக்கிறது. வேடந்தாங்கல்காரர்களுக்குப் பறவையால் வயல் விளைந்தது, அதனால் கலெக்டர் கதவைத் தட்டினார்கள். நத்தப்பேட்டை ஏரியை நம்பிப் பயிர் வைப்பவர்களின் பேச்சுக்கு இங்கே யார் கவுல் எழுதிக் கொடுப்பது?

போக நினைப்பவர்களுக்கு...

நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். தாய்ப்பறவை வாய்க்குள் குஞ்சு தலையை விட்டு இரை எடுப்பதைப் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிப்போக இதுதான் நேரம். காலை 6 மணிக்குத் திறப்பார்கள், மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். மதியம் போனால் பாதிப் பறவைகள் 'டியூட்டி'யில் வெளியே இருக்கும். விடியற்காலை அல்லது மாலை 4 மணிக்கு மேல் போவதே நல்லது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்கு அடிக்கடி பஸ் உண்டு. அங்கிருந்து வேடந்தாங்கலுக்குக் குறைவு என்பதால் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வருபவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் திரும்பலாம். சுமார் 80 கிலோமீட்டர். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடையைத் தவிர்க்கலாம். பட்டுச் சேலையைக் கட்டாயம் தவிர்க்கலாம், மேலே மரம் இருக்கிறது! ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கூட்டுக்குப் பக்கத்தில் சத்தம் போட்டால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தில் காகம் வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பொங்கல் விடுமுறையில் கரையில் நடக்கவே இடம் இருக்காது. சாதாரண வார நாளில் போனால் கூட்டம் இல்லாமல் பார்க்கலாம். நேரம் இருந்தால் கரிக்கிலியையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடை, கூட்டம் என்று ஆர்ப்பாட்டம் இல்லாத ஏரி. தண்ணீரும் தின்பண்டமும் கையோடு கொண்டுபோங்கள், காலிப் பாக்கெட்டையும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.